பெருக்கல் புத்தகத்தின் அட்டை

தொண்ணூறுகளில் துடியலூரில் இருந்த என் அச்சகத்துக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார்; எழுதியதை அடித்து அடித்துத் திருத்துவார். பெரிய எண்களைப் பாதியாக வெட்டி, நான்கு சின்னப் பெருக்கலுக்குப் பதில் மூன்றிலேயே விடை காணும் வழியைத் தானே கண்டுபிடித்து, புத்தகமாக எழுதியிருந்தார். அட்டை அச்சேறும் நேரத்தில், ஒரு ரஷ்யர் அதை முன்பே கண்டுபிடித்துவிட்டதை நூலகத்தில் படித்துவிட்டு ஓடிவந்தார்.

“இங்க அதை யாருங்க பாக்கப்போறா? உங்க பேரையே போட்டுரலாமுங்க,” என்றேன்.

“தப்புங்க. ‘இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர்’னு போடுங்க.”

மறுநாளே திரும்பி வந்தார். “ஏனுங்க, நடுவுல பல்லடத்துல யாராச்சும் கண்டுபுடிச்சிருந்தா?”

கடைசியில், ‘பின்னால் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் எழுதியது’ என்று அவர் கைப்பட எழுதித் தந்ததை அப்படியே அச்சடித்தேன். திருப்தியாக வாங்கிப்போனார். அட்டையில் அவர் பெயரே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவ்வளவு கவனமான மனிதர் அதை மறந்திருப்பார் என்று நம்ப இன்னும் மனம் வரவில்லை.