ஆறரை மார்க்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உத்திரமேரூரில் என் பஞ்சர் கடையில் நடந்தது இது. அன்றைக்கு நம் சென்னை கால்பந்து டீம் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. ஜெயித்த சந்தோஷத்தில் நான் பண்ணிய ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

முதலில் எங்கள் ரசிகர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், மொத்தமே மூன்று பேர்தான். நான், கோயில் ஆபீசில் கணக்கு எழுதும் ஒரு நண்பர், ஏரிக்கரை ஓரத்துக் குடியிருப்பிலிருந்து நெல் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்கு வரும் இன்னொரு நண்பர். ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது எங்களுக்கு மட்டும் இந்தப் பந்துப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏர் கம்ப்ரசர் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பழைய லாரி டயர்கள் மேல் உட்கார்ந்து பார்ப்போம்.

ஆட்டம் முடிந்ததும் மார்க் போடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இத்தனை என்று போடுவோம். ஜெயித்த நாளில் மட்டும்தான் போடுவோம். தோற்ற நாளில் வயிற்றெரிச்சலில் போடுகிற மார்க் சரியாக இருக்காது என்று கோயில் நண்பர்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஜெயித்த நாளிலும் மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போகும் என்பது மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

போட்ட மார்க்கை என் வாயால் பேசி, ரசிகர்கள் நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பஞ்சர் ஒட்டுகிற நேரத்தில் வண்டிக்காரரைச் சிரிக்க வைத்தே பழகியவன். நம் பக்கத்துப் பேச்சில் நான் எல்லாரையும் கிழிப்பதைக் கேட்க குரூப்பில் காத்துக்கொண்டிருப்பார்கள். 'பஞ்சர் கடை அண்ணன் வாய்ஸ் இன்னும் வரலயா' என்று யாராவது கேட்டால் போதும், எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

அந்த ஞாயிறு ஐந்து மணி ஆட்டம். முதல் பாதியிலேயே நம்மவர்கள் இரண்டு கோல் அடித்துவிட்டார்கள். இடைவேளை முடிகிற நேரத்தில் காவாந்தண்டலத்திலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டிராக்டர், ட்ரெய்லர் டயர் தரையோடு ஒட்டிப்போய்க் கடை வாசலில் வந்து நின்றது. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. நெல்லில் தூறல் விழுந்துவிடப் போகிறது என்று டிரைவர் பறந்தார். கோயில் நண்பரும் சாயங்கால பூஜைக்கு ஆள் வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். நான் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனேன். போன் எதிரில் மூட்டை நண்பர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார்.

பாரம் ஏற்றின வண்டி, சீக்கிரம் முடிகிற வேலையா அது? டயரைக் கழற்றி, டியூபை உருவி, ஒட்டி, காற்றடித்து, மறுபடி மாட்டிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. நான் உட்கார்ந்ததும் அது நடந்தது. நம் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிறவன், அந்த வருஷம்தான் டீமுக்குள் வந்த சென்னைப் பையன், கோல்கீப்பருக்குத் தள்ளிய பந்து பாதி தூரத்திலேயே செத்துப்போனது. எதிராளி ஒருவன் ஓடிவந்து எடுத்துக் கோல் போட்டுவிட்டான். மீதி ஐந்து நிமிஷமும் எனக்கு உயிரே இல்லை. எப்படியோ விசில் ஊதினார்கள். ஜெயித்துவிட்டோம்.

கோயில் நண்பர் புளியோதரைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். சாப்பிட்டுக்கொண்டே மார்க் போட்டோம். லெஃப்ட் பேக் முறை வந்தது.

"நல்லாதான்பா ஓடிக்கினு இருந்தான்" என்றார் மூட்டை நண்பர்.

"இன்னா நல்லா ஓடனான்? சொளையா ஒரு கோலு வாங்கிக் குடுத்தான்ல?"

"நீ எங்க பாத்த? நீ டயரு கழட்டிக்கினு இருந்த."

"பாத்தவரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு ரெக்கார்டிங்கை அழுத்தினேன். அவர் அதிகம் பேசமாட்டார். அதனாலேயே அவர் பேச்சை நான் கணக்கில் எடுத்ததில்லை, அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் மார்க் சொல்லி முடித்துக் கடைசியாக, "லெஃப்ட் பேக்குக்கு முட்டை. பத்து பேரு கஷ்டப்பட்டு ஆக்கி வச்ச சோத்த, இவன் வந்து ஓசியில துன்னுட்டுப் போறான்" என்றேன். கோயில் நண்பருக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு. எனக்கும்தான்.

மறுநாள் அந்த ஒரு வரியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் பல குரூப்புகளில் பரப்பிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் என் குரலை எனக்கே அனுப்பினார்கள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் போட்டுக் காட்டினேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

செவ்வாய்க்கிழமை மதியம். ஒரு ஸ்கூட்டி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு கையால் எடுத்தேன்.

"உத்தரமேரூர் பஞ்சர் கடையா?" பெண் குரல்.

"ஆமாம்மா. வண்டி எங்க நிக்குது?"

"வண்டி இல்ல தம்பி. அந்த லெஃப்ட் பேக்கு எம்புள்ள."

தண்ணீரில் இருந்த கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. நம்பரை குரூப்பில் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். திட்டப்போகிறார், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஜெயித்ததற்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார்களாம், பையன் வீட்டுக்கு வந்திருக்கிறான். தெருவில் எவனோ போனில் என் குரலை ஓடவிட்டிருக்கிறான், இவன் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து தட்டில் போட்டதில் இரண்டு வாய் எடுத்துவிட்டு எழுந்துவிடுகிறானாம். மறுநாள் காலையில் கேம்ப்புக்குப் போக வேண்டும், போகமாட்டேன் என்கிறான்.

"முட்டை போடு, இன்னா வேணா போடு, அது ஆட்டம். சோத்தப் பத்தி பேசியிருக்க வேணாம் தம்பி. அவன் ஒரு நாளும் ஓசியில துன்னதில்ல."

மன்னித்துவிடுங்கள் அம்மா என்றேன்.

"மன்னிப்பு எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணு சொல்லு. நான் பயந்துக்கினு ஆட்டமே பாக்கமாட்டேன். நீ பூரா பாத்தியா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குரலிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லம்மா. பின்னாடி பாதி பாக்கல. டிராக்டர் வந்துச்சி."

அதற்கு அவர் சொன்னார்: "நாங்க நல்லா ஆடனன்னு சொன்னா நம்பமாட்டேன்றான். கோச்சு சொன்னாகூட ஆறுதலுக்கு சொல்றாருன்றான். முட்டை போட்டவன் சொன்னா நம்புவான். நீ பூரா பாத்துட்டு சொல்லு. நல்லா ஆடலன்னா ஆடலன்னே சொல்லு. பொய் மட்டும் சொல்லாத, கண்டுபுட்சிடுவான்."

போனை வைத்ததும் ஸ்கூட்டிக்காரருக்கு வேறு டியூப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நண்பர்கள் இரண்டு பேருக்கும் போன் போட்டேன். கோயில் நண்பர் லேப்டாப்போடு வந்தார். மூட்டை நண்பர் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து நான்கு மணிக்கு உமி படிந்த தலையோடு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டியூப்ப ஒரு சுத்து பூரா தண்ணில உட்டுப் பாக்காம, பஞ்சர் இங்கதான்னு சொல்லுவியா நீ?" என்று மட்டும் கேட்டார் மூட்டை நண்பர். இருபது வருஷத் தொழிலில் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை வைத்தே அவர் என்னை அடித்துவிட்டார்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப்பில் அந்த ஆட்டத்தின் பதிவை முதலிலிருந்து போட்டோம். பந்து எங்கே வேண்டுமானாலும் போகட்டும், அந்தப் பையனை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்றார் மூட்டை நண்பர். அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எதிர் டீமில் வலது பக்கம் ஓடுகிறவன் பெரிய கை, ஆட்டத்துக்கு ஆட்டம் தன் டீமுக்குக் கோல் அடிக்க வழி செய்பவன். அவன் பந்தோடு பையனை நோக்கி வரும்போதெல்லாம் ஒரு டயரில் சாக்பீஸால் கோடு போட்டேன். பையனைத் தாண்டிவிட்டால் அந்தக் கோட்டைக் குறுக்கே அடித்தேன். இரண்டாம் பாதி முடியும்போது ஒன்பது கோடு இருந்தது. அடித்தது இரண்டே இரண்டு.

அது மட்டுமில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கோச் பெஞ்சைப் பார்த்தார். மாற்ற வேண்டிய ஆட்களையெல்லாம் மாற்றி முடித்துவிட்டார்கள், இனி வேறு ஆளை இறக்க முடியாது. பையன் எழுந்தான். இரண்டு முறை காலை உதறிவிட்டு மறுபடி ஓடினான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பந்து செத்துப்போனது அந்தக் காலிலிருந்துதான்.

கோயில் நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவங்க, எட்டு போட்டுடுங்க" என்றார்.

"பாவத்துக்கெல்லாம் மார்க்கு கீதா? பொய் சொல்லாதன்னு அந்தம்மா சொல்லிகீது" என்றார் மூட்டை நண்பர். "கால் வலிச்சா பந்த வெளிய அட்ச்சிருக்கணும். பின்னாடி தள்ளனது தப்பு. ஆறு."

நான் ஏழு என்றேன். என் குற்ற உணர்ச்சியில் நான் ஏற்றுகிறேன் என்றார். அவர் பேச்சைக் கேட்காத என் மேல் முந்தாநாள் வந்த கோபத்தில் இறக்குகிறார் என்றேன் நான். ஒரு மார்க்குக்கு நாங்கள் அவ்வளவு நேரம் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஆறரை என்று முடிவானது.

அப்புறம் பேசினேன். நான் பாதி ஆட்டம் பார்க்காமல் மார்க் போட்டேன், அதற்கு எனக்குத்தான் முட்டை என்று ஆரம்பித்தேன். சோற்றைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது கோட்டையும் இரண்டு அடிப்பையும் சொன்னேன். கோல் உன் தப்புதான், அதற்கு மார்க் பிடித்திருக்கிறோம் என்றும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, அதையே குரூப்பிலும் போட்டேன். அண்ணன் பல்டி அடித்துவிட்டார் என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் எனக்கு நாஷ்டா இறங்கவில்லை. ஆறரை என்பதைக் கேட்டு இன்னும் உடைந்துபோயிருந்தால்? பேசாமல் எட்டே போட்டிருக்கலாமோ? பதினொரு மணிக்குத்தான் போன் வந்தது.

"தம்பி, ரெண்டு வாட்டி போட்டுக் கேட்டான். ஆறரையான்னான். அப்புறம் அவனே தட்ட எட்த்துக்கினு வந்து உக்காந்தான். அந்த அரை மார்க்க எதுக்குப் புட்ச்சாங்கன்னு கேளும்மான்றான். ஏழு போட்டிருக்கணுமாம். கோல்கீப்பரு கைய காட்டிக் கூப்டாராம், அதனாலதான் பின்னாடி தள்ளனானாம். துன்னுக்கினே சண்டை போடறான். சோறு பத்தாம நான் மறுபடி ஆக்கனேன்."

"கேம்ப்புக்குப் போனானாம்மா?"

"ஆறு மணிக்கே பைய தூக்கிக்கினு போய்ட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. கடையில் நின்றிருந்த ஆள் ஒரு மாதிரி பார்த்தார். "ஏழெல்லாம் கிடையாதும்மா. அந்த அரைய வர்ற ஆட்டத்துல வாங்கிக்க சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அடுத்த ஆட்டத்தில் அவனை முதலில் இறக்கவில்லை. கடைசி இருபது நிமிஷம் வந்தான். ஒரு தடவை இக்கட்டு வந்தபோது, பின்னால் தள்ளாமல் பந்தை ஓங்கி வெளியே அடித்தான். மூட்டை நண்பர் டயர் மேலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பையன் இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறான். இப்போதெல்லாம் எங்களிடம் இன்னொரு சட்டமும் உண்டு: ஆட்டத்தின் நடுவில் யார் எழுந்து போனாலும் அன்றைக்கு அவருக்கு மார்க் போட உரிமை கிடையாது. கடைக்கு வண்டி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன், மூட்டை நண்பர் சொல்லுகிற மார்க்கைத்தான் குரூப்பில் பேசுவேன்.

வருஷம் இரண்டாகிறது. யாரைப் பற்றியாவது சுருக்கென்று ஏதாவது சொல்ல நாக்கு எழும்பும்போதெல்லாம், 'நீ பூரா பாத்தியா' என்று அந்த அம்மா கேட்டது காதில் விழுகிறது, பாதி நாள் நாக்கு தானாக அடங்கிவிடுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, அந்த அரை மார்க் என்ன ஆயிற்று என்று மகன் கேட்கச் சொன்னதாகக் கேட்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை, அவன் கேட்பதை நிறுத்திவிடக்கூடாதே என்றுதான்.