ஈ.சி.ஆரைத் தாண்டிய பெற்றோர் சங்கம்

1

அன்று திங்கட்கிழமை. காலை எட்டே முக்கால் மணிக்கு நான் செண்டரைத் திறந்தபோது மேற்கூரையின் காரை பெயர்ந்து தரையில் கிடந்தது. பிள்ளைகள் உட்காரும் பாயின் மேல் சரியாக விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்போதோ விழுந்திருக்க வேண்டும். ஆயாம்மா ராணி, துடைப்பம் எடுக்க உள்ளே போகலாமா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

நான் இருபத்தெட்டு வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் செண்டர் நெம்மேலிக்குத் தெற்கே, ஈ.சி.ஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கமாக, ஒரு மீனவர் ஊரில் இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் பெற்றோர் சங்கத்தை எப்படி நடத்துவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் அதை நடத்தாமல் இருந்த கதையிலிருந்து தொடங்கினால்தான் அவர்களுக்குப் புரியும்.

மாதம் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். நான் நடத்தியதில்லை. மினிட்ஸ் நோட்டில் ‘சுகாதாரம் பற்றி விவாதிக்கப்பட்டது’ என்று எழுதி, குழாயடியிலும் மீன் ஏலம் போடும் இடத்திலும் நின்று கையெழுத்து வாங்குவேன். யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. சத்துமாவுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அதைத் திருத்தியதில்லை.

அன்று மதியமே இன்ஜினியர் வந்தார். வாசலில் நின்றபடியே மேலே பார்த்துவிட்டு, கட்டடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றார். பழுது பார்க்கும் வரை பிள்ளைகளை ரோட்டுக்கு மேற்கே இருக்கும் செண்டரோடு சேர்த்துவிடுவது என்று அலுவலகத்தில் முடிவானது. பெற்றோர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். நான் சங்கத் தலைவர் செல்வியைத் தேடிப் போனேன். அவர் மீன் விற்பவர், மூன்று வயது யாழினியின் அம்மா. கூடையில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. மேற்குச் செண்டர் இருநூறு மீட்டர் தூரத்தில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. தூரம் சரிதான். நடுவில் ஈ.சி.ஆர் இருந்தது. அந்த இடத்தில் சிக்னல் கிடையாது.

2

முதல் நாள் மேற்குச் செண்டருக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். மறுநாள் இரண்டு பேர். மூன்றாம் நாள் செல்வி என் வீட்டுக்கே வந்தார். உத்தரவின் நகலை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

“சங்கத்துக்கு நான்தான் தலைவராமே, டீச்சர்? புள்ளைங்கள ரோட்டுக்கு அந்தாண்ட அனுப்ப ஒத்துக்கினேன்னு எழுதிக்கீது. நான் எப்போ ஒத்துக்கினேன்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய பெண்ணும் அந்த ரோட்டைத்தான் தாண்ட வேண்டும். அன்று கையெழுத்து வாங்கிய தாள் அதுதான் என்றும், அதில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டாதது என் தப்பு என்றும் சொன்னேன். இரண்டு வருடமாக அவர் தலைவராக இருக்கிறார் என்பதையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலை என்று தோன்றியது.

“சரி. தலைவருன்னா இன்னா இன்னா செய்யலாம்?”

விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். நானே அதை முழுதாக வாசித்தது அன்றுதான்.

மறுநாள் வலை பின்னும் கூடத்தில் எங்கள் சங்கத்தின் முதல் கூட்டம் நடந்தது. பதினேழு அம்மாக்கள், ஒரே ஒரு அப்பா. அவர் பெயர் ஆனந்த். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் ஊரில் வாடகைக்கு இருந்தார். மாற்று இடம் கேட்டு இங்கிலீஷில் இரண்டு பக்க மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைத் தமிழில் விளக்கியும் சொன்னார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

“நல்லாத்தான் எழுதிக்கீறீங்க சார்,” என்றார் செல்வி. “ஆனா படிக்கிறவங்க சேர்ல குந்திகினு படிப்பாங்க. அவங்கள ஒரு தபா ரோட்ட தாண்ட வைக்கணும்.”

மாற்று இடம் எது என்று ஒருவர் கேட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்தையே செல்வி காட்டினார். சிமென்ட் தரை, தகரக் கூரை, இரண்டு ஃபேன். அது ஊர் ஆண்களின் பொறுப்பில் இருந்தது. அன்று மாலையே ஆறு அம்மாக்கள் போய்க் கேட்டார்கள். காலையில் வலை வேலை இருக்கிறது என்று ஆண்கள் மறுத்தார்கள். அப்படியானால் காலையில் பிள்ளைகளை நீங்களே வைத்துக்கொண்டு வலை பின்னுங்கள், நாங்கள் மீன் விற்கப் போகிறோம் என்றார்கள் அம்மாக்கள். கூடம் கிடைத்தது.

3

சங்கம் அழைத்ததன் பேரில், எங்கள் வட்டார அங்கன்வாடிகளுக்குப் பொறுப்பான அதிகாரி மேடம் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஜீப்பில் வந்தார். கட்டடத்தைப் பார்வையிட அழைத்திருப்பதாக நினைத்து வந்திருந்தார். மேற்குச் செண்டருக்கு எங்களோடு நடந்து வர முடியுமா என்று செல்வி கேட்டார். இருநூறு மீட்டர்தானே, மறுக்க வழியில்லை.

ஆறு பிள்ளைகள், ஆறு அம்மாக்கள். யாழினியின் ஒரு கையைச் செல்வி பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மேடத்தின் கையில் கொடுத்தார்.

ரோட்டில் இறங்கவே பதினொரு நிமிடம் ஆனது. பாண்டிச்சேரி பஸ், டிப்பர் லாரி, கார்கள். ஒருவழியாக நடு மீடியனை அடைந்தோம். அங்கே ஒரு பையன் ஒன்றுக்கு வருகிறது என்றான். நின்றோம். ஒரு சொகுசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மிக அருகில் போனது. மேடத்தின் துப்பட்டா காற்றில் பறந்து முகத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்துவிடவில்லை. யாழினியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, “திரும்பிப் போக வேற வழி இருக்கா?” என்றார்.

“அதே வழிதான் மேடம்,” என்றார் செல்வி. “புள்ளைங்க தெனம் போய் வரணும் இல்ல?”

மேடம் டிரைவருக்குப் போன் செய்தார். ஜீப் தூரத்து யூ-டர்னில் திரும்பி வந்து, பிள்ளைகளையும் அம்மாக்களையும் இரண்டு நடையாக ஊருக்கு ஏற்றிச் சென்றது. மேடம் கடைசி நடையில் ஏறினார். வழியில் என்னைப் பார்த்து, “இந்த ஒப்புதலை எப்படிம்மா வாங்கினீங்க?” என்று கேட்டார். சொன்னேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பிள்ளைகளுக்கு வலைக் கூடம் கிடைத்தது. இரண்டும் ஒரே நாள் தபாலில் வந்தன.

நான்கு மாதம் கூடத்தில் நடத்தினோம். ஒரு நாள்கூட இருபது பிள்ளைகளுக்குக் குறையவில்லை. பழுது பார்த்த கட்டடத்துக்குத் திரும்பிய வாரம் சங்கம் கூடியது. நன்றித் தீர்மானம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் தீர்மானம் என்னைப் பற்றி இருந்தது. பிள்ளைகள் சாப்பிடும்போது டீச்சர் போன் பேசுகிறார் என்று ஒரு அம்மா சொன்னார். உண்மைதான். சங்கத்தின் செயலாளர் நான் என்பதால் எழுத வேண்டியதும் நான்தான். ‘பணியாளர் கைப்பேசிப் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதினேன். ஆனந்த் உரக்கப் படித்தார்.

“கொறைக்கலாம்னு சொல்லல டீச்சர்,” என்றார் செல்வி. “பேசக் கூடாதுன்னு சொன்னோம்.”

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். ஆனந்த் மறுபடி உரக்கப் படித்து, பதினெட்டுப் பேரும் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

புதிய பணியாளர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் சங்கம் உங்களைப் பற்றி ஒரு குறையாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், அது நோட்டில் மட்டும் இருக்கும் சங்கம்; பிள்ளைகளுக்கு ஒன்று நேரும்போதும் அவர்கள் வர மாட்டார்கள்.