காக்கைகளுக்குத் தெரிந்த முகம்

என் வேலை காக்கைகளைப் பார்ப்பது. அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் குச்சனூரில் இன்றுவரை ஒருவரும் நம்புவதில்லை. என்னோடு சூழலியல் படித்த ஆண்கள் எல்லாம் புலி, யானை என்று காட்டுக்குள் போய் நின்று போட்டோ போடுகிறார்கள். எனக்கோ கல்யாணமாகி, வீடு, மாமனார், மாமியார். வாசலுக்கே வந்து சேருகிற பிராணி எதுவென்று யோசித்தேன். காக்கைதான் வந்தது. சனிக்கிழமைகளில் சனீஸ்வரரைக் கும்பிட வருகிறவர்கள் வைக்கும் எள்ளுச் சோற்றைத் தின்றுவிட்டு, மற்ற நாட்களில் இவை எந்தத் தோப்புக்கு, எந்தத் திராட்சைத் தோட்டத்துக்குப் போகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. தெருவில் எனக்குக் காக்கா டீச்சர் என்று பெயர். நான் டீச்சரே இல்லை.

எது எங்கே போகிறது என்று தெரிய அடையாளம் வேண்டும். வனத்துறை அனுமதியோடு எங்கள் தென்னந்தோப்பில் வலை வைத்துப் பிடித்து, காலில் கலர் வளையம் மாட்டிப் பறக்கவிட்டேன். பிடிக்கிறவர் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும், காக்கை முகத்தை மறக்காது என்று படித்திருக்கிறேன். சித்திரை வெயிலில் எவள் போடுவாள் முகமூடி? கல்யாண ஆல்பத்தில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை, இதுகளுக்கா தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

தெரிந்தது. மறுநாளிலிருந்து நான் வாசலில் தலைகாட்டினால் போதும், வேப்பமரத்தில் ஒன்று கத்தும். அதைக் கேட்டு ஊர்க் காக்கையெல்லாம் திரண்டு கத்தும். வளையத்தையே பார்த்திராத காக்கைகள்கூடச் சேர்ந்துகொண்டன. கணவரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்தே பால் வாங்கப் போனேன். "டீச்சரு, வண்டிய எங்கன விட்டுட்டு வர்றீக?" என்றார் பால்காரர். கொஞ்ச நாளில் காக்கைகள் ஹெல்மெட்டையும் கண்டுபிடித்துவிட்டன.

இந்த லட்சணத்தில் மாமனாரின் முதல் வருசத் திதி வந்தது.

மாமனார் திட்டுவதில் சூரர். வேலை முடிந்து நான் இருட்டித் திரும்பினால் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "காக்காயெல்லாம் கூடு அடைஞ்சிருச்சு, நீ எதப் பாத்துக்கிட்டு நின்ன?" என்று ஆரம்பித்தால் எதிர்வீட்டு டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். நான் வரும்வரை சாப்பிட மாட்டார். வந்ததும் என்னை ஒரு பாட்டம், குழம்பை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மறுசோறு வாங்கிச் சாப்பிடுவார். அவர் போனபின் வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை.

திதியன்று மாமியார் மொச்சைக் குழம்பு, உளுந்த வடை, பாயசம் என்று அவருக்குப் பிடித்ததெல்லாம் செய்திருந்தார். தேவாரத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் சொந்தங்கள் வந்திருந்தார்கள். மொட்டைமாடிச் சுவரில் இலைபோட்டுச் சோறு வைக்க வேண்டும். போனவர் காக்கையாக வந்து வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். இலையை மருமகள்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் மாடியில் கால் வைத்ததுதான் தாமதம், வேப்பமரமே வெடித்தது. என் கணவர் "கா, கா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டார். மரத்திலிருந்து பதில் வந்தது, காக்கை வரவில்லை. "ஏத்தா, நீ செத்த நேரம் கீழ போ" என்றார்கள், போனேன். அடுப்படி ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு அங்கும் கத்தின. வடை வாசனையில் சொந்தங்களின் முகம் வாட ஆரம்பித்தது.

மாமியாரின் அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம், கூடவே சர்க்கரை. அவருக்குப் பசி பொறுக்கவில்லை. என்னை மறுபடி மாடிக்கு வரச்சொன்னார்.

"தங்கச்சி, பிடிச்சுக் காலுல வெலங்கு மாட்டுனா எந்தக் காக்கா வரும்? போன மாப்ள பட்டினியா நிக்கிறாக. இன்னையோட இந்த வேலைய விட்டுர்றேன்னு இலைக்கு முன்னாடி நின்னு சொல்லச் சொல்லு உம் மருமகள!"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வேலைக்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்! ஆனால் மாமியார் எங்களைப் பார்க்கவேயில்லை. கண் நிறைய நீரோடு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இலையில் ஒரு பருக்கையாவது குறைய வேண்டும் அவருக்கு. சரி, சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது ஒரு காக்கை இறங்கிச் சுவரில் உட்கார்ந்தது. சோற்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. கழுத்தை நீட்டி ஒரு மூச்சுக் கத்தியது. ஒரு வடையை விழுங்கியது. திரும்பி என்னைப் பார்த்து இன்னொரு மூச்சு கத்தியது. பிறகு மொச்சைக் குழம்பில் அலகை வைத்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட, நான் மட்டும் கைகூப்பியபடி அதன் காலைப் பார்த்தேன். மேலே சிவப்பு, கீழே வெள்ளை. நான் மாட்டியதுதான்.

"அவுகதான்!" மாமியார் அழுதுகொண்டே சிரித்தார். "அவுகளேதான் வந்திருக்காக! இவள ஒரு பாட்டம் திட்டாம என்னைக்குச் சோத்துல கை வச்சிருக்காக?" அண்ணன் பக்கம் திரும்பினார். "அம்புட்டுத் திட்டுனாகளே, ஒரு நாளாச்சும் அவள வேலைக்குப் போகாதன்னு சொல்லியிருக்காகளாண்ணே?"

அண்ணன் "சரி, எல போடுங்க" என்று கீழே இறங்கினார்.

காக்கை ஏன் கத்தியது என்று எனக்குத் தெரியும். அது மாமனார் இல்லை, என்மேல் தீராத கோபத்தில் இருக்கும் ஒரு காக்கை. ஆனாலும் கூப்பிய கையை நான் இறக்கவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஆத்தா, அவுக காலுல மாட்டியிருக்கியே, அது வலிக்காதுல்ல?"

"வலிக்காது அத்தை, மாமாவுக்கு வலிக்கவே வலிக்காது" என்றேன்.