முன்னால் இழுக்கிறதா, பின்னால் தள்ளுகிறதா?

மோட்டார் விற்பவனுக்கு வாய் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் என் கதிரையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். என் மாமனார் ஒருமுறை சாப்பிடும்போது, "மாப்பிள்ளை, மோட்டார் வாங்க வர்றவன் மொதல்ல தொட்டுப் பாக்கிறது எது தெரியுமா..." என்று தொடங்கினார். பதிலையும் அவரே சொன்னார். ஹார்ன் என்றாரா, கதவுப்பிடி என்றாரா, இப்போது நினைவில்லை. மலாயாவில் பதினெட்டு வருடமும், ஊர் திரும்பிக் கண்டியில் நாலு வருடமும் இதே தொழிலில் நின்றும் எனக்கு அது பிடிபடவில்லை. ஒருவர் டயரை உதைக்கிறார், இன்னொருவர் மெத்தையை முகர்ந்து பார்க்கிறார். கடையில் நின்றே கால் வீங்கிய சகோதரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் கயிற்றோடு வந்த ஒருவரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

சுதேசி முதலாளி

கடுகண்ணாவையில் மிளகும் ஏலமும் வாங்கி விற்கும் காசிம் முதலாளி மூன்று வருடமாகப் பிறநாட்டுச் சாமான் வாங்காதவர். இங்கே நெய்த சாரம், இங்கே காய்ச்சிய சவர்க்காரம், இங்கே செய்த நெருப்புப்பெட்டி. ஈரம் பட்டால் அந்தக் குச்சிகளில் பத்துக்கு இரண்டுதான் பற்றும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் எங்கள் கடைக்குள் வந்து நின்றார். இலங்கையில் செய்த ஓர் ஆணிகூட இல்லாத கடை எங்களுடையது.

காரணம் அவர் மனைவி ஆமினா உம்மா. இரண்டு வருடத்துக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கூடிவிட்டது, நடக்கிறார். காலை மட்டும் உயரத் தூக்க முடியாது. றெயில் படியும் பஸ் படியும் அவருக்கு இல்லையென்று ஆகிவிட்டது. நாவலப்பிட்டியில் இருக்கும் தன் தாத்தாவை (அவர்கள் பேச்சில் அக்காவுக்குத்தான் அந்தப் பெயர்) அன்று முதல் பார்க்கவில்லை. இப்போது அந்த அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. முகம் தெரிகிற காலத்திலேயே போய் முன்னால் நிற்க வேண்டும் என்பது ஆமினா உம்மாவின் ஆசை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு முதலாளி கடையில் நின்ற இரண்டு வண்டிகளையும் சுற்றிவந்து, "இதுல நம்மட நாட்டுச் சாமான் என்ன ஈக்குது?" என்று கேட்டார். நான் யோசித்து, "டயரில் உள்ள ரப்பர் ஒருவேளை மாத்தளைத் தோட்டத்துப் பாலாக இருக்கலாம் முதலாளி" என்றேன். அவர் குனிந்து டயரைத் தடவினார்.

"பாலை நம்மகிட்ட கறந்து, தயிரை நமக்கே விக்கிறானா?"

ஒரு முடிச்சு

அடுத்த கிழமை கையில் ஒரு சணல் கயிற்றோடு வந்தார். ஆமினா உம்மாவைச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கச் சொல்லி, தரையிலிருந்து அவர் பாதம் எட்டிய உயரத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார். முன்னங்கையில் பாதிதான் இருந்தது. முதல் வண்டியின் புட்போட்டில், கால் வைத்து ஏறும் பலகையில், கயிற்றைத் தொங்கவிட்டோம். முடிச்சு அரைச் சாண் கீழே நின்றது. அதற்குமேல் உள்ளே இன்னொரு படி. முதலாளி கயிற்றைச் சுருட்டினார்.

மற்ற வண்டி அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தது. ஐந்து மாதமாக யாரும் கேட்கவில்லை. புட்போட்டே இல்லை, தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் கயிற்றைப் பிடித்தபோது முடிச்சு மேலே நின்றது. "எப்படி இவ்வளவு பதிஞ்சி ஈக்குது?" என்றார். எஞ்சின் மற்ற வண்டிகளில் பின்சக்கரத்தைத் திருப்புகிறது, அதற்காக அடியில் ஒரு நீண்ட இரும்புத்தண்டு ஓடுகிறது, இதில் முன்சக்கரமே இழுப்பதால் தண்டு இல்லை, தளம் இறங்கிவிட்டது என்று விளக்கினேன். புரியவில்லை போலிருந்தது. "கரத்தையில், அதான் மாட்டுவண்டியில், பூட்டிய மாடு மாதிரி, முன்னால் நின்று இழுக்கும்" என்றேன். அது புரிந்துவிட்டது.

"அப்ப இத்தன வருசமா மாட்டப் பின்னால கட்டி ஓட்டினவன் எவன்?"

லண்டனிலிருந்து வந்த தாள்

அந்த நாட்களில்தான் கம்பெனியின் லண்டன் தலைமைக் கந்தோரிலிருந்து சுவரில் ஒட்ட ஒரு பெரிய வர்ணத்தாள் வந்தது. 'சொந்த நாட்டுச் சாமானையே வாங்குங்கள்' என்று இங்கிலீஷில் எழுதி, கீழே கப்பலும் கொடியும் போட்டிருந்தது. எங்கள் ஸ்டோர்கீப்பர் பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தவர், சிரிக்காமலே பேசுவார். நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டிவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்று வாசித்தார்.

"ஓம், வாங்கத்தான் வேணும். ஆரின்ரை சொந்த நாடு எண்டு ஒருக்கா எழுதிக் கேப்பமே?"

முதுகு காட்டிய வண்டி

முதலாளியின் வீடு பெரிய றோட்டிலிருந்து மேலே, செம்மண் ஏற்றத்தில் இருக்கிறது. வெள்ளோட்டத்துக்கு முன்சக்கர வண்டியைக் கொண்டுபோனோம். காலையில்தான் மழை விட்டிருந்தது. வழியில் இரண்டு கடைக்காரர்களை முதலாளி மரியாதைக்கு ஏற்றிக்கொண்டார். மூவரும் நல்ல உடம்புக்காரர்கள், மூவரும் பின் ஆசனத்தில். தடுக்க வேண்டியவன் நான். வாடிக்கையாளரின் விருந்தாளியை இறங்கச் சொல்ல எந்த விற்பனைக்காரனுக்கு நா எழும்?

பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் சுற்றத் தொடங்கியது. பாரம் முழுவதும் பின்னால் சாய, முன்பக்கம் மண்ணைப் பிடிக்கவில்லை. சேறு எழும்பியதே தவிர வண்டி எழும்பவில்லை. எங்கள் டிரைவர் முத்தையா, "இறங்குங்கய்யா எல்லாரும், நான் பாத்துக்கிறேன்" என்று வண்டியைக் கீழே இறக்கித் திருப்பி, ரிவர்ஸ் கியரில் பின்பக்கமாகவே ஏற்றினார். இழுக்கிற சக்கரம் இப்போது பள்ளத்துப் பக்கம், பாரமும் அதன் மேல். கழுத்தைத் திருப்பியபடி ஒரே மூச்சில் முற்றத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் நால்வரும் சேற்றில் சப்பாத்தைத் தேடித்தேடி நடந்து ஏறினோம். நான் பார்த்த முகங்களில் சிரிப்பு இல்லை. வாசல் சீலைக்குப் பின்னால் ஆமினா உம்மாவிடம்தான் இருந்தது.

"என்னங்க, கோவிச்சிக்கிட்டுப் போற மாப்பிள மாதிரி முதுகக் காட்டிக்கிட்டு வருது?"

அதே முற்றத்தில் ஆமினா உம்மா சீலையை விலக்கி வெளியே வந்தார். நாங்கள் மற்றப் பக்கம் திரும்பி நின்றோம். வண்டிக் கதவு திறந்த சத்தம் கேட்டது, பிறகு மூடிய சத்தம். யாரும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. முதலாளி மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"ஏறிட்டா."

பலாப்பலகை

இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் கண்டியில் பஸ்களுக்குப் பலகையால் உடம்பு கட்டும் ஒரு தச்சு மேஸ்திரி இருந்தார், பாஸ் என்போம். முதலாளியின் கொள்கை தெரிந்து அவரே தேடி வந்தார். பின்சக்கர வண்டியின் இரும்புச் சட்டத்தை மட்டும் வாங்குங்கள், மேலே எல்லாம் இந்த நாட்டுப் பலாவில் நான் கட்டுகிறேன், அம்மாவுக்கு மடக்கிவைக்க இரண்டு சின்னப் படி, ஏற்றத்தில் முன்பக்கமாகவே ஏறும் என்றார். மாதிரிக்கு ஒரு படிகூடச் செய்து கொண்டுவந்திருந்தார். அழகான வேலை. பாதி வண்டியாவது நம் நாட்டுடையது. மரம் காய்ந்து வேலை முடிய மூன்று மாதம்.

முதலாளி இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகம் சொன்னது. "நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்ய?" என்று என்னைக் கேட்டார். மலாயாவில் இருந்தபோது அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப் போட்டு, திரும்பி வந்தபோது என் அக்காவின் வீட்டில் அவளுடைய படம்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த முன்சக்கர வண்டியை எப்படியாவது தள்ளிவிடு என்று கடையில் என்னை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். என் அக்காவை விற்பனைப் பேச்சாக்க மனம் வரவில்லை. "வீட்டில் கேளுங்கள் முதலாளி" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் முதலாளி வந்து, ஆமினா உம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எனக்குச் சொன்னார்.

"மூணு மாசத்துல பாஸ் நல்லாத்தான் செஞ்சி தருவாரு. நான் போய் முன்னால நிக்கக்குள்ள, 'ஆரு வந்தீக்கிற?'ண்டு தாத்தா கேப்பா."

இருபத்திரண்டு வருடம் பேசிப் பேசி வண்டி விற்ற நான், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரே வியாபாரத்தைத்தான் எழுதத் தக்கது என்று எழுதியிருக்கிறேன். அன்று பகல் காசிம் முதலாளி முன்சக்கர வண்டியை வாங்கினார்.