சந்தியில் தொங்கிய என் கண்ணீர் அஞ்சலி

சினிமாவில் நான் இதுவரை ஏழு தடவை செத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எடுக்கிற படங்களில் அப்பா வேடத்துக்கு அதிக வேலை இல்லை. மகன் வெளிநாடு போக வேண்டுமென்றால் அப்பா சாக வேண்டும். போன மகன் திரும்பி வர வேண்டுமென்றாலும் அப்பாதான் சாக வேண்டும். நரைத்த தலையும் ஒட்டிய கன்னமும் இருப்பதால் இயக்குநர்கள் என்னைத் தேடி வருவார்கள். மற்ற நாட்களில் நான் உரும்பிராயில் வெங்காயம் வைக்கிறவன். தோட்டத்தில் நிற்கும்போது தொலைபேசி அடித்தால், "இந்தமுறை எத்தினையாம் சீனிலை சாகிறியள்?" என்று மனைவி கேட்பாள்.

அவளுக்குப் பகிடி. ஆனால் இந்த நடிப்பு ஆசையால் என் அண்ணை என்னோடு ஒன்பது வருடம் கதைக்காமல் இருந்தார்.

அண்ணையின் ஒரே மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த நேரம், சென்னையில் ஒரு பெரிய படத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வேலை. "முதல்நாளே வந்திடுவன் அண்ணை. மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலை நிண்டு நான்தான் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். கதாநாயகனுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு மழை வந்தது, இரண்டு நாள் பத்து நாளாகியது. எனக்கிருந்த ஒரே வசனத்தைப் பேசி முடித்ததும் அந்த இயக்குநர், "இது இலங்கைத் தமிழ் மாதிரியே இல்லையே சார்" என்றார். பிறந்த நாள் முதல் வேறெதுவும் கதைக்கத் தெரியாதவன் நான். படம் வந்தபோது அந்தக் காட்சியையே வெட்டியிருந்தார்கள். கலியாண அல்பத்திலும் நான் இல்லை, படத்திலும் இல்லை.

மன்னிப்புக் கேட்க, அண்ணை இருக்கும் சாவகச்சேரிக்கு இரண்டு முறை போனேன். முதல்முறை அண்ணி தேத்தண்ணி தந்தார். அண்ணை பின்பக்கத்தால் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். இரண்டாம் முறை வாசல் படலை பூட்டியிருந்தது, உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நானும் போகவில்லை. பிழையும் என்னுடையது, அதற்கு மேலே ரோசமும் என்னுடையது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது சாவு என் வீட்டிலேயே நடந்தது. படம் எடுத்த பொடியன் கெட்டிக்காரன், ஆனால் வெறுங்கை. "அங்கிள், உங்கடை வீட்டையே தாங்கோவன்" என்றான், தலையாட்டிவிட்டேன். இருக்கிற மனிசனுக்கு வீட்டில் பந்தல் போடுவதா என்று மனைவி கோபித்துக்கொண்டு அச்சுவேலியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அயலட்டைச் சனம் முழுவதும் நடிக்க வந்தது. ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கியது, பாதி அகலத்துக்கு என் சிரித்த முகம்.

பதாகையில் இருந்தது கதாபாத்திரத்தின் பெயர். அதை வைத்து இது படத்துக்குத்தான் என்று ஊர் விளங்கிக்கொள்ளும் என்று நினைத்தோம். எங்கள் ஆட்களுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறொன்று என்பதை நினைக்க மறந்துபோனோம். முன்தினம் பின்னேரமே கட்டிவிட்டதால், பஸ்ஸில் போன யாரோ அதைத் தொலைபேசியில் படம் பிடித்துச் சாவகச்சேரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்தநாள் காலை முற்றத்துப் பந்தலில் என்னைப் பெட்டிக்குள் கிடத்தி, மூக்கில் பஞ்சு வைத்து, தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். கமரா வீட்டுக்குள் யன்னலுக்குப் பின்னால் இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் அசல் செத்த வீடுதான். பொடியன் என் காதுக்குள் சொன்னான்:

"அங்கிள், ஒரே ஷொட். பறை அடிக்கிறவை உண்மையான செத்த வீடொண்டுக்குப் போகவேணும், திருப்பி எடுக்கேலாது. என்ன நடந்தாலும் கண்ணைத் திறக்காதேங்கோ."

பறை முழங்கியது. பெண்கள் அழுதார்கள். நான் மூச்சைச் சிறிதாக்கிக்கொண்டு கிடந்தேன். அப்போது சுருட்டு மணம் வந்தது, அதோடு வலது காலை இழுத்து நடக்கும் செருப்புச் சத்தம். எத்தனை வருடமானாலும் எனக்கு அந்த நடை தெரியும்.

அயலட்டை மனிதர்கள் அவரை அடையாளம் கண்டு, அண்ணனும் தம்பியும் சமாதானமாகிவிட்டார்கள், அவரும் நடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து வழி விட்டார்களாம். பொடியனோ, யாரோ நல்ல நடிகரைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தானாம்.

அண்ணை பெட்டியின் விளிம்பைப் பிடித்தார்.

"எழும்படா" என்றார். "நான் வந்திருக்கிறன். எழும்படா."

சுருட்டு மணம் என் முகத்துக்குக் கிட்ட வந்தது. "ரேடியோவைப் போட்டிட்டு உள்ளுக்குத்தான் இருந்தனானடா. நீ படலையிலை நிண்டதை யன்னலாலை பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நீ வரேல்லை. அதுக்காக உன்ரை சாவுக்கு என்னை வரப்பண்ணிப்போட்டியே."

அந்த இடத்திலேயே நான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. காட்சி கெட்டுவிடுமே என்று பயந்ததும் உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டுமென்று எனக்கு ஆசையாக இருந்தது. ஒன்பது வருடம் என்னைத் திட்டக்கூட வாய் திறக்காத மனிதர் என்னை 'டா' போட்டுக் கூப்பிடுகிறார். அதைக் கேட்டுக்கொண்டு செத்தபடியே கிடந்தேன். என் இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

அண்ணை அதைக் கண்டுவிட்டார். இரண்டு விரலால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உயிர் இருக்கு" என்று கத்தினார். "டாக்குத்தரைக் கூப்பிடுங்கோ. உயிர் இருக்கு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மூக்குப் பஞ்சோடு எழும்பி இருந்தேன். சனம் சிரிக்கத் தொடங்கி, அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கியது. "அண்ணை, இது படப்பிடிப்பு" என்றேன். "பதாகையிலை வேறை பேர்தான் போட்டிருந்தவை."

"படத்தைப் பார்த்தாப்பிறகு ஆர் பேரை வாசிக்கிறது?" என்றார்.

நான் பெட்டியை விட்டு இறங்கி அவர் காலில் விழுந்தேன். கலியாணத்துக்கு வராததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் காலை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். படலையைத் திறந்து போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். படலையைத் தாண்டாமல் கிணற்றடிக்குத் திரும்பினார்.

"செத்த வீட்டுக்கு வந்திட்டு முழுகாமல் உள்ளுக்கை வரேலாது" என்று அங்கிருந்து சொன்னார். "நீயும் வாடா. உனக்குத்தான் முதல் வார்க்கவேணும்."

வாளியால் அள்ளி அள்ளி என் தலையில் ஊற்றினார். முகத்தில் பூசியிருந்த சாம்பல் நிறப் பவுடர் கழுவிப்போகும்வரை விடவில்லை.

அந்தப் படத்துக்கு ஒரு விருதும் கிடைக்கவில்லை. சினிமா உனக்கு என்ன தந்தது என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பறித்ததை அதுவே திருப்பித் தந்தது என்று சொல்வேன். அந்தப் பொடியனுக்கும், பதாகை அடித்துத் தந்த கடைக்காரருக்கும், பஸ்ஸிலிருந்து படம் பிடித்த முகம் தெரியாத அந்த மனிதருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

யாழ்ப்பாணத்தில் படத்தைத் திரையிட்டபோது அண்ணை என் செத்த வீட்டுக்குக் கட்டி வந்த அதே வெள்ளை வேட்டியோடு பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் இருந்தார். கண்ணீர் வழிவதற்கு முன்பே காட்சியை வெட்டப்போவதாகப் பொடியன் சொல்லியிருந்தான். அதை அண்ணைக்கும் சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆனாலும் திரையில் பெட்டி வந்ததும், இருட்டுக்குள் அவர் கை என் கையைத் தேடியது. இரண்டு விரலை என் மணிக்கட்டில் வைத்தார். படம் முடிந்து விளக்குப் போடும்வரை எடுக்கவில்லை.