தூக்குவாளியில் ஏறிவந்த மகள்

ஆவியில் வெந்த அரிசிமாவும் வெல்லமும் கலந்த மணம் எங்கே எழுந்தாலும் எனக்கு முதலில் வருவது பசியல்ல, பதற்றம். ஏதோ நடந்து முடிந்துவிட்டது, நான் அங்கே இல்லை என்று வயிறு சொல்லும்.

அப்போது நான் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் என்றால் பறித்த காயை உலர்த்தும் கட்டடம். சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். காய் எடுப்பு முடியும்வரை வாரநாளில் அந்த அடுப்பை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி, திங்கள் விடியலில் ஏறுவேன். கீழே போடியில் மனைவியும், எனக்கு நாற்பது தாண்டியபின் வாய்த்த மகளும்.

ஸ்டோர் இருந்த பள்ளத்தில் டவர் கிடைக்காது. பாறைமேல் ஏறி நின்றால் மனைவி அனுப்பிய வீடியோ வரும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், மகள் வரமாட்டாள்.

குழந்தை வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை அவிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவி படி தாண்டும்வரை காத்திருக்கவில்லை. குப்புற விழுந்ததற்கு அவித்தாள், உட்கார்ந்ததற்கு அவித்தாள், தவழ்ந்ததற்கும் அவித்தாள். அவித்து, தூக்குவாளியில் போட்டு, காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புக்காரரிடம் கொடுத்துவிடுவாள்.

"மாமா, அக்கா குடுத்து விட்டாக. முன் சீட்டுல ஆளை எறக்கிட்டு இதைத்தான் உக்கார வச்சுக் கொண்டாந்தேன்."

"என்னவாம் மாப்ளே?"

"பாப்பா உக்காந்துருச்சாம்ல! சாயாம உக்காருதாம். ஒங்களுக்கென்ன மாமா, பிள்ளை அசைஞ்சாப் பலகாரம்."

மூடியைத் திறப்பேன். பூரணத்தில் ஏலக்காய்ப் பொடி. நான் உலர்த்திய காய் மலையிறங்கிப் போய், நான் பார்க்காத ஒன்றைச் சொல்ல மறுபடி மலையேறி வந்திருக்கும். தின்பேன். வேறென்ன செய்ய? அடுப்புக்கு இன்னொரு விறகு தள்ளுவேன். சனிக்கிழமை நான் போய் நிற்கும்போது, பிறந்ததிலிருந்தே உட்கார்ந்திருப்பவள் மாதிரி அவள் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு எழுந்து நிற்கப் பழகினாள். கேஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க, ஏதோ பெரிய யோசனையில் நிற்பாள். அந்த ஞாயிறு முழுக்க நான் எதிரே மண்டியிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். "வா ஆத்தா, அப்பாட்ட வா ஆத்தா." ஒரு கையை விடுவாள். விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பாள். பொத்தென்று உட்கார்ந்து, வாசலில் கிடக்கும் என் பழைய செருப்பை நோக்கித் தவழ்ந்து போய்விடுவாள். அவளுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான்.

"ஏங்க, பிள்ளைய விடுங்க. அது என்ன ஒங்க ஜீப்பா, நேரத்துக்குக் கெளம்ப?" என்றாள் மனைவி.

மறுநாள் விடியலில் படியிறங்கும்போது அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

"இந்த வாரம் நடந்துட்டா, எதையும் குடுத்து விடாத. எனக்குத் தெரிய வேணாம். இது ஒன்னையாவது நான் மொதல்ல பாக்கணும்."

"அதுக்காகப் பிள்ளையக் கட்டியா போட முடியும்?"

"கட்டிப்போட வேணாம். சொல்லாத, அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் தூக்குவாளி வரவில்லை. ஜீப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்தேன். "இன்னைக்கு ஒன்னும் இல்ல மாமா," என்று சொல்லிவிட்டு ஜீப்புக்காரர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். மகள் நடக்காததால் வரவில்லையா, நான் சொன்னதால் வரவில்லையா? வந்திருந்தால் தெரிந்திருக்கும். வராமல் இருந்ததிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாதபடி நானே செய்து வைத்திருந்தேன். அடுப்பில் கவனம் நிற்கவில்லை. ஒரு லோடு காய் மஞ்சளாய்ப் போய் ஏச்சு வாங்கினேன்.

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தேன். மகள் சிலிண்டரைப் பிடித்து நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா என்றைக்கும் இல்லாமல் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். மகள் கையை விட்டாள். ஒரு கால். இன்னொரு கால். உடம்பு முன்னே சாய, கைகள் காற்றைப் பிடித்துக்கொள்ள, வந்தாள்.

"ஏங்க, பாருங்க! நடக்குறா!" என்று மனைவி கத்தினாள்.

பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்தார். "ஆத்தாடி! இப்பத்தான மொத மொத நடக்குது! இதுக்கு முன்னாடி எங்கண்ணால நான் பாக்கவே இல்லப்பா!"

மனைவி அவரை முறைத்தாள்.

மகள் என்னைத் தாண்டிப் போனாள். வாசலில் குனிந்தாள், பழைய செருப்பில் ஒன்றை எடுத்தாள், நிமிர்ந்தாள். தள்ளாடாமல் திரும்பி, அதைத் தூக்கிக்கொண்டு சிலிண்டருக்கே நடந்தாள்.

முதல் அடி வைக்கும் பிள்ளைக்குக் குனியத் தெரியாது. திரும்பத் தெரியாது. மனைவி மகளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை தட்டினேன். "எம் மக நடந்துட்டா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொழுக்கட்டை நன்றாகத்தான் இருந்தது.

திங்கள் விடியலில் ஜீப்பு வந்து நின்றது. மனைவியின் இடுப்பில் இருந்த மகள் இறங்கத் துடித்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். "வெரசா ஏறுங்க மாமா, மெட்டுல பனி மூடிரும்," என்றார் ஜீப்புக்காரர். ஏறி உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினேன்.

"அடுத்து ஓடுவா. ஓடுனா, மறக்காம அன்னைக்கே குடுத்து விடு."

ஜீப்பு நகர்ந்தது. தெருமுனை திரும்புமுன் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"புதங்கெழமைங்க! ஒங்க செருப்ப எடுக்கத்தான் நடந்தா!"