சுவரில் மாட்டிய எருமையும் கல்யாண வீடியோவும்

என் மகள் கல்யாண வீடியோவுக்காக நான் ஒரு கிராமத்தையே அழித்தேன். பழி முருகேசன் மேல் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை.

கிராமம் என்றது, செம்பூரில் நான் நிர்வாக மேனேஜராக இருந்த கம்பெனியின் முதல் ஆன்லைன் கேமில் வரும் ஊர். புது வெர்ஷன் வந்ததும் பழைய ஆட்டத்தின் ஒரே பிரதியை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். கல்யாண வீடியோக்காரர் வீடியோவைப் போட்டுத்தர டிஸ்க் கேட்டார். செத்த ஆட்டத்தை யார் தேடப்போகிறார்கள் என்று அழித்துக் கொடுத்தேன்.

நாலு வருஷம் கழித்துத் தேடினார்கள். முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். மீட்டிங்கில் ஒரே மூச்சில் சொன்னார்:

"பழசையே திரும்ப விடுவோம்வே. புதுசா கதை வேண்டாம், படம் வரைய வேண்டாம். அன்னைக்கு காலேஜ்ல விளையாண்டவன் இன்னைக்குச் சம்பளம் வாங்குதான். மாசச் சந்தா கட்டுவான். அந்த டிஸ்க்கை எடும்."

சர்வர் ரூமில் வைத்திருந்தேன், மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது என்றேன். எங்கள் ஆபீஸ் ஆறாவது மாடி. அதை யாரும் யோசிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தாதது யார் என்று மட்டும் கேட்டார்கள். சர்வர் ரூம் சாவி, ஆட்டக்காரர்களின் புகார் போன் எடுக்கும் தாராவி முருகேசனிடம் இருந்தது. அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பிறகு எட்டு மாதம் உட்கார்ந்து, பழைய ஆட்டத்தை நினைவிலிருந்தே திரும்பக் கட்டினார்கள். ஒரு பிழைகூட இல்லை. முன்னோட்டம் பார்த்த பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பழையதில் ஒரு பிழையால் ஓர் எருமை சுவரில் பாதி புதைந்து நிற்கும். நம் ஆட்கள் அதற்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போவார்கள். எருமை இல்லாமல் சந்தா இல்லை என்று எழுதினார்கள். எந்தப் பிழை எங்கே இருந்தது என்பது, வருஷக்கணக்கில் புகார் போன் எடுத்த முருகேசனுக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். "வீடியோ நல்லா வந்துச்சா?" என்றார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. ராஜினாமாவை வாங்கிக்கொண்டு, முருகேசனைக் கூட்டிவரச் சொன்னார்.

முருகேசன் தாராவியில் மொபைல் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். நான் சொன்னதைத் தலை நிமிராமல் கேட்டார்.

"எட்டு மாசமா என் வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் என்னையே ஒரு பார்வை பாக்கா சார். முதல்ல அவகிட்ட வந்து சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். அந்த அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தார். வெளியே நல்ல மழை.

முருகேசன் திரும்ப வேலைக்குப் போய் எல்லாப் பிழைகளையும் அதனதன் இடத்தில் வைத்தார். எருமை வந்தது, சந்தாவும் வந்தது. கூடவே ஊர் வாசலில் ஒரு கிழவனையும் நிறுத்தினார். கக்கத்தில் டிஸ்க்குடன் நிற்கும் அவனைத் தொட்டால், "தப்பு என்னுடையது, முருகேசன் ஜன்னலைச் சாத்தினார்" என்பான். வசனம் நான் எழுதிக் கொடுத்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஓர் ஆட்டம் செத்துவிட்டதா என்பதை, அதை விளையாடாதவன் முடிவு செய்யக் கூடாது.

முருகேசன் என்னோடு பேசுவதில்லை. நானும் சந்தா கட்டி உள்ளே போய்ப் பார்க்கிறேன். கிழவனுக்கும் இப்போது தேங்காய் உடைக்கிறார்கள். முருகேசன் மட்டும் உடைப்பதில்லை. தினமும் காலையில் வந்து, கிழவனை ஒருமுறை சொல்லவைத்துக் கேட்டுவிட்டுப் போகிறார்.